ஏழு கோட்

மழை பிடித்துக்கொண்ட மூன்றாவது நாள் எதிர் வீட்டுப் படுக்கையறைச் சுவர் வேர்க்க ஆரம்பித்துவிடும். முதலில் கூரை மூலையில் ஓர் ஈரக் கோடு. மறுநாள் அது கட்டில் தலைமாடு வரைக்கும் இறங்கும். ஒரு வாரத்தில் மிளகுத்தூளை அள்ளி வீசினது மாதிரி கறுப்புப் புள்ளிகள். நான் பேக்கரியில் பதினெட்டு வருஷமாக மாவு பிசைகிறவள். ரொட்டியில் இப்படி ஒரு புள்ளியைப் பார்த்தால் தட்டோடு குப்பையில் கொட்டிவிடுவோம். சுவரை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

எங்கள் கட்டடத்தில் மூன்று மாடி. இரண்டாவது மாடியில் நானும் அவர்களும் எதிரெதிர்க் கதவு. அவன் பெயின்டர், அவள் டெய்லர். இரண்டு பேரும் என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள், என்னை வாய் நிறைய அக்கா என்பவர்கள். அதனால் அவன், அவள் என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதை இல்லாமல் இல்லை, பழக்கம் அப்படி. ஆறு வயதில் ஒரு மகள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நல்லதாக ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் அவள் பூனை. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து கீச் கீச்சென்று ஒரு சத்தம் வரும். "எம் பொண்ணு நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி வளக்கறா" என்று அப்பன்காரன் ஒருநாள் சொல்லி வைக்க, அதுவே நிலைத்துவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டாலே டெய்லருக்கு முகம் மாறிவிடும்.

டெய்லர் ஹாலில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை மிஷின் கடகடவென்று ஓடும். நடுநடுவே சட்டென்று நிற்கும். நூல் அறுந்தது என்று நினைக்காதீர்கள். உள்ளே படுத்திருக்கிற பிள்ளையின் மூச்சுக்குக் காது கொடுக்கிறாள் என்று அர்த்தம். எதிர் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிற எனக்கும் கை தானாக நின்றுவிடும்.

டாக்டர் கையை விரித்துவிட்டார். "மருந்து நான் குடுக்கறேன். அந்தப் பூசணம் புடிச்ச ரூம்ல படுக்கவெச்சா மருந்து என்னம்மா பண்ணும்?" என்றார். சரி, ஹாலில் படுக்க வைக்கலாம் என்றால் அங்கே நாள் முழுக்கத் துணி வெட்டுகிற தூசி. அதுவும் ஆகாது. இந்த வாடகைக்கு வேறு வீடு தேடித் தேடிக் கால் தேய்ந்ததுதான் மிச்சம். ஒன்று அந்த அறை காய வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை இழுத்துக்கொண்டே கிடக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

வீட்டுக்காரர் எங்களுக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தார். எங்கள் மாடி முழுக்க அவருக்கு 'அப்புறம் சார்' என்று பெயர். குழாய் ஒழுகுதா, அப்புறம் பாக்கலாம். படிக்கட்டு விளக்கு எரியலையா, அப்புறம். சுவர் ஓதம் அடிக்குதா, மழை விடட்டும், அப்புறம் வந்து பாக்கறேன். மனுஷர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது பழம் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றவர். ஆனால் ஒரு வேலையை இன்றைக்கே செய்வது என்பது அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

மழை விட்டதும் வருவார், அதையும் சொல்லிவிட வேண்டும். வந்து பார்த்தால் சுவர் பளபளவென்று இருக்கும். அதற்குள் நம் பெயின்டர் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வேலைக்குப் போன இடத்தில் மிஞ்சிய பெயின்ட்டைக் கொண்டுவந்து ஒரு கோட் அடித்து முடித்திருப்பான். வருஷா வருஷம் இதே கதை. வீட்டுக்காரர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு?" என்று மாடி ஏறிவிடுவார். டெய்லர் பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினில் போய் உட்காருவாள்.

இந்த வருஷம் அவள் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு நோட்டீஸ். வாடகை வீட்டில் ஓதமோ ஒழுகலோ இருந்து, சொல்லியும் வீட்டுக்காரர் சரி செய்யாவிட்டால் வாடகை வீட்டு ஆபீசில் மனு கொடுக்கலாம், ஆள் வந்து பார்ப்பார்கள் என்று போட்டிருந்தது. அளவு எழுதுகிற நோட்டில், யாரோ ஒருவரின் தோள் அளவுக்கும் இடுப்பு அளவுக்கும் நடுவே, விலாசத்தைக் குறித்துக்கொண்டு வந்தாள். மறுநாளே போய் மனு கொடுத்தாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி வருவார் என்று கடிதம் வந்தது. வீட்டுக்காரருக்கும் ஒரு நகல்.

அவர் அந்த நகலைக் கையில் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"என்னம்மா டெய்லர், ஆபீசு வரைக்கும் போயிட்டீங்க? ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"ஒரு வார்த்தையா? ஆறு வருஷமா சொல்லிச் சொல்லி என் வாயே வலிக்குது சார்."

"நான் வந்து பாக்கும்போதெல்லாம் எங்க வீட்டுச் சுவரைவிட உங்க சுவரு நல்லா இருக்கு. நான் என்னத்தைக் கண்டேன்?"

"மழையில வாங்கன்னேன். நீங்க அப்புறம் அப்புறம்னு காஞ்சப்பறம் வர்றீங்க."

அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். கண் அயர்ன் பாக்ஸில் போய் நின்றது. "இதோ பாருங்க. நாள் பூரா இது புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி விடுது. உள்ளேயே துணி காயப்போடறீங்க. அந்த ஈரமெல்லாம் எங்க போகும்? சுவத்துக்குத்தான் போகும்."

"ஹால்ல விடற ஆவி, ரூமுக்குள்ள போய், அதுவும் அந்த ஒரு மூலையைப் பாத்து, விலாசம் கேட்டுக்கிட்டுப் போகுதாக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவருக்கு முகம் சிவந்துபோயிற்று.

"அவ்வளவு கஷ்டமா இருந்தா வேற வீடு பாத்துக்குங்க" என்றார். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை, கடிதத்தைத்தான் பார்த்தார். அவர் போனபிறகு வெகுநேரம் மிஷின் ஓடவே இல்லை.

புதன்கிழமை அவள் தைத்து முடித்த சீருடைகளைக் கொடுக்கப் போக வேண்டியிருந்தது. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். பூனை பள்ளிக்கூடம் போயிருந்தாள். பெயின்டருக்கு அன்று வேலை இல்லை. இரண்டு நாளாக மழையும் விட்டிருந்தது. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வாசலில் நின்று சொன்னது என் காதில் விழுந்தது.

"ஏங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அந்தச் சுவத்தைத் தொட்டுடாதீங்க."

"நான் ஏம்மா தொடப்போறேன்?"

"துடைக்கவும் வேணாம்."

"சரி, சரி. போயிட்டு வா."

நான் விடியலில் வேலைக்குப் போய்ப் பத்து மணிக்கு வருகிறவள். சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நாலு மணி வரை பிணம் மாதிரித் தூங்குவேன். அன்றைக்கு எழுப்பியது வாசனை. புதுப் பெயின்ட் வாசனை. ஓடிப்போய் எதிர்க் கதவைத் தள்ளினேன்.

உள்ளே பெயின்டர் ரோலரைக் கழுவிக்கொண்டிருந்தான். இரண்டு போகஸ் லைட்டைக் கொண்டுவந்து சுவருக்கு நேராக நிறுத்தியிருந்தான். சுவர் முழுக்க க்ரீம் கலர். ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. புது டம்ளரில் ஊற்றின பால் மாதிரி இருந்தது.

"அடப்பாவி!" என்றேன். அப்புறம் என் வாய் இருக்கிறதே, அது அடங்காமல், "என்னமா அடிச்சிருக்கே!" என்றும் சொல்லிவிட்டேன்.

அவன் முகம் மலர்ந்தது. "ரெண்டு கோட்டு ப்ரைமர் அக்கா. லைட்டு வெச்சு மூணு மணி நேரம் காயவெச்சேன்" என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மெதுமெதுவாக அவன் முகம் செத்தது. என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்கே உறைத்தது.

ஆறு மணிக்கு டெய்லர் வந்தாள். கூடவே, பள்ளிக்கூடம் விட்டும் அங்கேயே காத்திருந்த பிள்ளையையும் கூட்டி வந்தாள். கதவைத் திறந்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன வாசனை இது?"

பெயின்டர் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவள் நேராக உள்ளே போனாள்.

"யோவ்!"

'ஏங்க' போய் 'யோவ்' வந்துவிட்டால் அந்த வீட்டில் நிலைமை மோசம் என்று எங்கள் மாடிக்கே தெரியும்.

"கோவப்படாதம்மா, நான் சொல்றதைக் கேளு. கறுப்பை மட்டும் லேசா துடைக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன். துடைச்சா அந்த இடம் திட்டா தெரிஞ்சுது. சரி, திட்டு தெரியாம ஒரு ப்ரைமரு. ப்ரைமர் அடிச்சா மிச்ச சுவரு அழுக்கா தெரிஞ்சுது..."

"அழுக்கா தெரியணும்யா! அதைப் பாக்கத்தானே ஆபீசர் வர்றாங்க!"

"பெயின்டர் வீட்டுக்கு ஒரு ஆபீசர் வர்றாங்க. ஊருக்கெல்லாம் அடிக்கறவன் தன் வீட்டை இப்படி வெச்சிருக்கானேன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"சுவத்தைப் பாக்க வர்றாங்களா, உன்னைப் பாக்க வர்றாங்களா? டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி மாத்திரையைப் போட்டுக் காய்ச்சலை எறக்கிட்டுப் போய், எனக்கு ஒண்ணுமில்லைன்னு நிக்கறவன்யா நீ!"

"தப்புதாம்மா."

"எத்தனை தடவை? ஆறு வருஷமா இதே தப்பு. அந்த மனுஷன் வர்றப்பெல்லாம் நீதான் அவருக்குச் சாட்சி சொல்றே. வாயால இல்ல, பிரஷ்ஷால."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பூனை வாசலில் நின்று சுவரைப் பார்த்தாள். "அப்பா, சூப்பரா இருக்குப்பா" என்றாள். அடுத்த நொடி அந்தப் பெயின்ட் நெடி நெஞ்சில் ஏறி இரும ஆரம்பித்தாள். பெயின்டர் அப்படியே சுவரோரம் குந்திவிட்டான். எனக்கு இருவர்மீதும் கோபம் வந்தது, இருவரையும் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, பால் காய்ச்சிக் கொடுத்து என் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சரியாகப் பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. ஒரு கையில் குடை, ஒரு கையில் பைல். எங்கள் வீட்டுக்காரரும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். நான் யாரும் கூப்பிடாமலே உள்ளே போய் நின்றுகொண்டேன். அன்று பள்ளிக்கூடம் போகாத பூனையும் என் பின்னாலேயே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அதிகாரி சுவரைப் பார்த்தார். பிறகு மனுவைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"இந்த ரூம்தானா?"

"இதுதான் மேடம்" என்றாள் டெய்லர்.

அவர் பையிலிருந்து இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு சின்ன மீட்டரை எடுத்துச் சுவரில் அழுத்தினார். ஏதோ ஓர் எண் காட்டியது. விரலால் தடவி மோந்து பார்த்தார். "எப்போ அடிச்சது?"

"நேத்து" என்றான் பெயின்டர்.

"நேத்தா? அப்போ இந்த மீட்டர் சொல்றதை நான் எடுத்துக்க முடியாது. புதுப் பெயின்ட்டே ஈரமாத்தான் காட்டும்."

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "நான் சொன்னேனே மேடம். நான் எப்ப வந்தாலும் சுவரு இப்படித்தான் இருக்கும். இவங்க அயர்ன் பாக்ஸ் ஆவியில எப்பவாவது லேசா..."

"இருங்க சார்." அவர் டெய்லர் பக்கம் திரும்பினார். "அம்மா, நான் மூணு விஷயம் பாக்கணும். ஓதம் இருக்கா. அது கட்டடத்துக் கோளாறா, இல்ல நீங்க புழங்கறதால வந்ததா. வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா. எழுதிக் குடுத்த பேப்பர் ஏதாவது இருக்கா?"

"எழுதல மேடம். மேல மாடிதானே, நேர்ல பாத்து வாயாலதான் சொல்வோம்."

எங்களில் யார்தான் எழுதினோம்? வாயால் சொல்லி, வாயாலேயே வாங்கிக் கட்டிக்கொண்டு வந்துவிடுவோம்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "நான் கண்ணால பாக்கறதைத்தான் எழுத முடியும். இன்னைக்கு நான் பாக்கறது நல்ல சுவரு. மறுபடி மனு போடுங்க. ஒரு தடவை பாத்துட்ட வீடுங்கறதால, வரிசையில உங்க முறை வர மூணு மாசம் ஆகும்."

மூன்று மாதத்தில் மழைக்காலமே முடிந்துவிடும். அதிகாரி பைலை மூடினார். அப்போது கட்டில் ஓரத்திலிருந்து கீச் கீச்சென்று சத்தம் கேட்டது.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டார் அதிகாரி.

"எம் பொண்ணு மூச்சு மேடம்" என்றான் பெயின்டர்.

சொன்னவன் விருட்டென்று ஹாலுக்குப் போனான். வேலைப் பையைக் கிளறுகிற சத்தம். சுரண்டுகிற தகட்டோடு திரும்பி வந்தான். கட்டிலுக்கு மேலே, அவன் நேற்று பார்த்துப் பார்த்து அடித்த சுவரின் நட்ட நடுவே தகட்டை வைத்தான். வேறு யாராவது அந்தச் சுவரில் ஆணி அடித்தாலே சண்டைக்குப் போகிறவன்.

அடியில் ஈரம் இருந்ததால் பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. அவன் ஒரேயடியாகச் சுரண்டவில்லை. ஒவ்வொரு நிறமும் ஒரு விரல் அகலம் தெரிகிற மாதிரி, படிக்கட்டு இறங்குவதுபோல் ஒவ்வொரு கோட்டாக எடுத்தான். ஒவ்வொரு நிறத்துக்குக் கீழேயும் ஒரு கறுப்புப் படலம் இருந்தது.

"இந்தக் க்ரீம் நேத்து அடிச்சது. இது போன வருஷம், பேங்க்ல மிஞ்சுன சாம்பல் கலரு. அதுக்கு முந்தின வருஷம் ஆஸ்பத்திரிப் பச்சை."

"ஒவ்வொண்ணுக்கும் அடியில கறுப்பா இருக்கே?"

"அதைத்தான் மேடம் நான் வருஷா வருஷம் மூடினேன். வேலை தெரிஞ்சவன்கற திமிரு."

அதிகாரி பேனாவைத் திறந்தார். தகடு இன்னும் ஒரு படி இறங்கியது. எலுமிச்சை மஞ்சள் வந்தது.

வீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்தார். "அட! இது எம் பொண்ணு ரூமு கலரு இல்ல?" என்றார். நிஜமாகவே சந்தோஷமாகக் கேட்டார்.

"ஆமா சார். நான்தானே வந்து அடிச்சேன்."

"ஆமாமா, ஞாபகம் இருக்கு. அரை டின்னு மிஞ்சுச்சு. நீ சுவரு ஓதம் சுவரு ஓதம்னு வந்து நின்னியா, சரி இதைக் கொண்டுபோய் அது மேல அடிச்சுக்கப்பா, அப்புறம் பாக்கலாம்னு நான்தானே..."

அவர் பேச்சு அங்கேயே நின்றுபோனது.

"எந்த வருஷம் சார்?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

அவர் நினைத்திருந்தால் ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மாற்றிச் சொல்லியிருக்கலாம். மகள் அறைக் கலரைப் பார்த்தபிறகு அவருக்குப் பொய் வரவில்லை போலிருக்கிறது. "மூணு வருஷம் முந்தி" என்றார். "எம் பொண்ணு வேலை கெடைச்சு வெளியூர் போனாளே, அந்த வருஷம்." அந்த நிமிஷம் அந்த மனுஷரை எனக்குப் பிடித்துப் போயிற்று. சொன்னால் டெய்லர் அடிப்பாள்.

அதிகாரி எழுதினார். தகடு இறங்கிக்கொண்டே போனது. பள்ளிக்கூட நீலம், தியேட்டர் ஆரஞ்சு. கடைசியாக ரோஸ் வந்தது. பெயின்டரின் கை நின்றது.

"இது மட்டும் மிச்சம் மீதி இல்ல மேடம். கடைக்குப் போய் புதுசா வாங்கினது. இவ பொறந்தப்ப அடிச்சேன்."

அதையும் சுரண்டினான். அதற்கு அடியிலும் கறுப்பு. டெய்லர் எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். ரோஸுக்குக் கீழே வீட்டுக்காரர் அடித்திருந்த பழைய சுண்ணாம்பு. அதற்கும் உள்ளே பூச்சில் தகட்டை வைத்து அழுத்தினால் தகடு வழியாகத் தண்ணீர் வழிந்தது.

"இது அயர்ன் பாக்ஸ் ஆவி இல்ல சார்" என்றார் அதிகாரி. "சுவத்துக்குள்ள என்ன குழாய் போகுது?"

"மொட்டை மாடி மழைத்தண்ணிக் குழாய்" என்றார் வீட்டுக்காரர், யாருக்கோ கேட்டுவிடப் போகிறது என்பது மாதிரி.

"முப்பது நாள்ல சுவத்தை உடைச்சுக் குழாயை மாத்திக் குடுக்கணும். ஆர்டர் வரும். மனு குடுத்தாங்கங்கறதுக்காக இவங்களைக் காலி பண்ணச் சொல்ல முடியாது, தெரியுமில்ல?"

"நான் எப்போ மேடம் காலி பண்ணச் சொன்னேன்?" என்று ஆரம்பித்தவர், டெய்லர் பார்த்த பார்வையில் குனிந்துகொண்டார். "ஏதோ கோவத்துல ஒரு வார்த்தை."

"இன்னொண்ணு" என்று அதிகாரி பெயின்டரைப் பார்த்தார். "குழாய் மாத்தி, சுவரு நல்லா காயற வரைக்கும் பெயின்ட் அடிக்கக் கூடாது. ரெண்டு மாசமாவது ஆகும். இதையும் எழுதறேன்."

"எழுதுங்க மேடம். கொட்டை எழுத்துல எழுதுங்க" என்றாள் டெய்லர். அழுத கண்ணோடு அப்போதுதான் சிரித்தாள்.

பதினெட்டாவது நாள் கொத்தனார் வந்து சுவரை உடைத்தார். குழாயில் என் நாலு விரல் நுழைகிற அளவு வெடிப்பு. வீட்டுக்காரர் அதை எட்டிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "இத்தனை மழையும் இந்தப் புள்ள தலைமாட்டுலயா எறங்குச்சு?" என்றார். டெய்லர் அவருக்கு டீ கொடுத்தாள். கொடுக்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கொடுத்தாள். அன்றைக்கே படிக்கட்டு விளக்கையும் மாற்றிவிட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதுக் குழாய் போட்டு, வெறும் சிமென்ட் பூசிவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டு பெயின்டர் பட்ட பாடு இருக்கிறதே! கண்ணில் துரும்பு விழுந்தவன் மாதிரி அந்த அறைக்குள் போவதும் வருவதுமாக இருப்பான். பிரஷ்ஷெல்லாம் டெய்லரின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி அவள் கழுத்தில் கிடந்த அளவு டேப்பில் முடிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. அப்படி ஒரு மழையை அந்த வருஷம் பார்க்கவில்லை. பெயின்டர் என் கதவைத் தட்டினான்.

"அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

போனேன். சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று சிமென்ட் சுவர். பார்க்க நன்றாகவே இல்லை. அவன் அதன் முன்னால் நின்ற நிற்பைப் பார்த்தால் ஏதோ மாளிகைக்கு அடித்துக் கொடுத்தவன் மாதிரி இருந்தது.

"தொட்டுப் பாருங்க" என்றான். "ஒண்ணுமே பூசல."

தொட்டேன். காய்ந்த ரொட்டி மாதிரி இருந்தது. சுவருக்குக் கீழே கட்டிலில் பூனை வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். வெளியே மழை இரைந்தது. ஹாலில் ஓடிக்கொண்டிருந்த மிஷின் சட்டென்று நின்றது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலையே?"

"அதான்" என்றான்.

ஹாலில் மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.